படம் ஏற்றும் நிரலை ரிவ்யூ செய்வது எப்படி: டைப் ஊகமும் வாசிப்புத் தெளிவும்

ஒரு படக் கோப்பைத் திறந்து, அதைப் பிக்சல்களாக நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும் நிரல் பெரும்பாலும் சிறியதுதான். ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் படித்துச் சரிபார்க்க, வரும்போது அதன் முக்கியமான வரி இப்படி இருக்கும்:

    ஆட்டோ படம் = படத்தை_ஏற்று(பாதை);

"ஆட்டோ" என்றால், மாறியின் டைப்பை (அதில் இருப்பது எந்த வகைத் தரவு என்பதை) கம்பைலரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று பொருள். படிக்க எளிது. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துச் சில கேள்விகளுக்குப் பதில் தேடிப் பாருங்கள். கையில் வந்திருப்பது பிக்சல்கள்தானா, வேறெங்கோ இருக்கும் பிக்சல்களைக் காட்டும் பாயிண்டரா? கோப்பு பாதியில் அறுந்திருந்தால் என்ன திரும்பி வரும்? சேனல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையிலா, தலைகீழாகவா? ஒரு சேனலுக்கு 8 பிட்டா, 16 பிட்டா? நான்கில் ஒன்றுக்கும் இந்த வரியில் பதில் இல்லை.

இந்த இடத்தில் ரிவ்யூ வழக்கமாக ஒரு சண்டையாக மாறிவிடுகிறது. ஒருவர் "டைப்பை முழுதாக எழுதுங்கள்" என்பார். இன்னொருவர் "கம்பைலருக்குத் தெரியும், நாம் ஏன் எழுத வேண்டும்" என்பார். டைப்பை எழுதினால் மேலே சொன்ன நான்கு கேள்விகளில் ஒன்றோ இரண்டோ தீரும், மீதி அப்படியே நிற்கும். அதனால் ரிவ்யூ செய்பவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த வரியைப் புரிந்துகொள்ளத் தேவையான எந்தத் தகவல் இங்கே காணவில்லை என்பது. அந்தத் தகவலை டைப்பில் வைப்பதா, பெயரில் வைப்பதா, ஃபங்ஷனை மாற்றுவதா என்பது அதற்குப் பிறகு வரும் முடிவு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்க்கிறது.

நிரல் வரிகளையும் லைப்ரரி பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். உங்கள் மொழியின் சொற்களை அந்தந்த இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்னணி

டைப்பைக் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்வது புதிய யோசனை அல்ல. ரோஜர் ஹிண்ட்லி 1969இலும் ராபின் மில்னர் 1978இலும் எழுதிய ஆய்வுகளில் அதன் கணித அடிப்படை இருக்கிறது. எம்எல், ஹாஸ்கெல் போன்ற மொழிகள் அதன் மேல்தான் எழுந்தன. பரவலாகப் புழங்கும் மொழிகளுக்குப் பின்னால்தான் வந்தது: சி ஷார்ப்பில் 2007, சி பிளஸ் பிளஸில் 2011, ஜாவாவில் 10ஆம் பதிப்போடு 2018. கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட், காட்லின் ஆகியவை பிறக்கும்போதே இதோடு பிறந்தவை.

ரிவ்யூவுக்குத் தேவையான ஒரு வேறுபாடு இதில் உண்டு. எம்எல் குடும்ப மொழிகளில் ஒரு மாறி பிறகு எப்படிப் பயன்படுகிறது என்பதையும் பார்த்து டைப் முடிவாகும். சி பிளஸ் பிளஸ், ஜாவா, சி ஷார்ப், கோ ஆகியவற்றில் உள்ளூர் மாறியின் டைப் சமக்குறிக்கு வலது பக்கத்திலிருந்து மட்டுமே வரும். ஆகவே இந்த மொழிகளில் டைப்பை விட்டுவிட்டு எழுதும்போது, வாசகருக்கு விளக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வலது பக்கத்தில் இருக்கும் ஃபங்ஷன் பெயரின் மேல் விழுகிறது. "ஏற்று", "பெறு", "எடு" போன்ற பெயர்களால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

படி 1: டிஃப்பை மட்டும் வைத்துப் படியுங்கள்

எடிட்டரில் நிரலைத் திறந்தால் இன்டெலிஜே, கிளாங்டி, ரஸ்ட் அனலைசர் போன்ற கருவிகள் ஊகித்த டைப்பைச் சாம்பல் நிறத்தில் மாறியின் பக்கத்திலேயே காட்டும். எழுதியவர் அதைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பார். அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்திருக்கும். உலாவியில் டிஃப்பை, அதாவது மாறிய வரிகளைக் காட்டும் பக்கத்தைப் படிப்பவருக்கு அந்தச் சாம்பல் நிற எழுத்து கிடையாது. நள்ளிரவில் பிழை தேடுபவருக்கும், ஒரு மாறுதலின் பழைய வரலாற்றைப் புரட்டுபவருக்கும் கிடையாது.

ஜாவாவின் டைப் ஊகத்துக்கு ஓபன்ஜேடிகே வெளியிட்ட நடைக் குறிப்புகளிலும் இதே கருத்து இருக்கிறது: நிரலின் தெளிவு எடிட்டரைச் சார்ந்திருக்கக் கூடாது, அருகிலுள்ள வரிகளைப் படித்தாலே புரிய வேண்டும். எனவே முதல் வாசிப்பை வேண்டுமென்றே டிஃப்பிலேயே செய்யுங்கள். எந்த வரியில் "இது என்ன டைப்" என்று மனம் தடுக்கிறதோ அங்கே ஒரு குறி வையுங்கள். கருத்து எழுத வேண்டாம், குறி மட்டும் போதும். முழுதும் படித்த பிறகு எடிட்டரில் திறந்து, நீங்கள் நினைத்த டைப்பும் உண்மையான டைப்பும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் வேறாக இருக்கும் வரிகள்தான் உங்கள் உண்மையான வேலை. ஒன்றாக இருந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

படி 2: கேள்வி கேட்கத் தேவையில்லாத வரிகளை ஒதுக்குங்கள்

வலது பக்கத்தில் கன்ஸ்ட்ரக்டர் (டைப்பின் பெயரைச் சொல்லிப் புதிய பொருளை உருவாக்கும் அழைப்பு) இருந்தால் டைப் அங்கேயே எழுதியிருக்கிறது, அதை இடது பக்கத்திலும் எழுதச் சொல்வது வீண். இட்டரேட்டர்களின் நீண்ட டைப்களுக்கும் அதுவே பொருந்தும். ரஸ்டின் "இமேஜ்" லைப்ரரியைப் பயன்படுத்தும் இந்த வரியைப் பாருங்கள்:

    லெட் படம் = இமேஜ்::ஓபன்(பாதை)?.டு_ஆர்ஜிபி8();

இடது பக்கத்தில் டைப்பே இல்லை. ஆனாலும் தோல்வி வரலாம் என்பதைக் கேள்விக்குறி சொல்கிறது. சேனல் வரிசையையும் ஒரு சேனலுக்கு 8 பிட் என்பதையும் கடைசி அழைப்பு சொல்லிவிடுகிறது. இதை மாற்றச் சொல்ல எதுவும் இல்லை. டைப் ஊகம் தன்னளவில் வாசிப்பைக் கெடுப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இந்த வரிதான்.

படி 3: பிக்சல்கள் யாருடையவை என்று கேளுங்கள்

சி பிளஸ் பிளஸ் நிரலில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 4,000 அகலமும் 3,000 உயரமும் கொண்ட படம், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 4,80,00,000 பைட், அதாவது 48 மெகாபைட். தெரியாமல் எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் அவ்வளவு பெரியது.

"ஆட்டோ" என்று மட்டும் எழுதினால் ரெஃபரன்ஸும் (பிரதி எடுக்காமல் மூலத்தையே சுட்டுவது) மேல்மட்டக் "கான்ஸ்ட்"டும் (மாற்றக் கூடாது என்ற தடை) உதிர்ந்துவிடும். படத்தின் பிக்சல் பட்டியலை ரெஃபரன்ஸாகத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வையுங்கள்:

    ஆட்டோ பிக்சல்கள் = படம்.பிக்சல்கள்();

எழுதியவர் அந்தப் பட்டியலை எட்டிப் பார்ப்பதாக நினைத்திருப்பார். நடப்பது 48 மெகாபைட் பிரதி. "கான்ஸ்ட் ஆட்டோ&" என்று எழுதினால் பிரதி நின்றுவிடும். படங்களின் பட்டியலில் சுற்றும் லூப்பிலும் இதே தவறு நடக்கும், அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிரதி.

ஆனால் எல்லா இடத்திலும் "&" போடச் சொல்வது ஆபத்து. இந்த வரியைப் பாருங்கள்:

    கான்ஸ்ட் ஆட்டோ& பிக்சல்கள் = படத்தை_ஏற்று(பாதை).பிக்சல்கள்();

இங்கே ஏற்றப்பட்ட படம் ஒரு தற்காலிகப் பொருள். வரி முடிந்ததும் அது அழிந்துவிடும். உள்ளே இருந்த பட்டியலைச் சுட்டிய ரெஃபரன்ஸ் காற்றில் தொங்கும். தற்காலிகப் பொருளை நேரடியாக ரெஃபரன்ஸில் பிடித்தால் அதன் ஆயுள் நீளும் என்ற விதி, அதன் உறுப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குப் பொருந்தாது. இந்தப் பிழை சோதனையில் பலமுறை தப்பிவிடும், ஏனெனில் விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் பழைய பிக்சல்கள் சிறிது நேரம் அப்படியே கிடக்கலாம். ரிவ்யூவில் பிடிப்பதுதான் மலிவு.

ஓபன்சிவி என்ற படச் செயலாக்க லைப்ரரியில் நிலைமை நேரெதிர். அதன் "மேட்" டைப்பை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் பிக்சல்கள் பிரதியாவதில்லை, இரண்டு மாறிகளும் ஒரே பிக்சல்களைப் பகிர்கின்றன. ஒன்றில் வரைந்தால் மற்றதிலும் தெரியும். உண்மையான பிரதி வேண்டுமென்றால் "குளோன்" அழைக்க வேண்டும். ஒரே மாதிரி தோன்றும் ஒரு வரி ஒரு லைப்ரரியில் முழுப் பிரதியாகவும் இன்னொன்றில் பகிர்வாகவும் இருப்பதால், டைப் தெரியாமல் அந்த வரியை மதிப்பிடவே முடியாது. இங்கே டைப்பை எழுதச் சொல்வது முழுக்க நியாயம்.

ஓபன்சிவியில் இன்னொரு கண்ணி உண்டு. இரண்டு மேட்களைக் கூட்டியோ ஒன்றை ஓர் எண்ணால் பெருக்கியோ விடையை "ஆட்டோ"வில் வைத்தால், அந்த மாறியின் டைப் மேட் அல்ல, "மேட்எக்ஸ்ப்ர்". கணக்கு இன்னும் நடக்கவில்லை, எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு மட்டும் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் கணக்கு இரண்டு முறை நடக்கும். இடையில் மூலப் படத்தின் பிக்சல்களை மாற்றினால் விடையும் மாறும். இந்த இடத்தில் "மேட்" என்று டைப்பை எழுதுவது அலங்காரமல்ல, கணக்கை அங்கேயே நடத்தி முடிக்கிறது. ரிவ்யூவில் அப்படியே சொல்லுங்கள், அழகுக்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதியவர் நினைத்துவிடக் கூடாது.

வெறும் பாயிண்டரைத் திருப்பித் தரும் லைப்ரரிகளும் இருக்கின்றன. எஸ்டிபி இமேஜ் அப்படிப்பட்டது. குறைந்தபட்சம் "ஆட்டோ*" என்று எழுதினால் அது பாயிண்டர் என்பது கண்ணில் படும், "யார் விடுவிப்பது" என்ற அடுத்த கேள்வியும் தானாக எழும். அந்த லைப்ரரிக்கென்று உள்ள விடுவிப்பு ஃபங்ஷனை, தானாகவே விடுவிக்கும் "யூனிக் பாயிண்டர்" ஒன்றில் பொருத்திக் கொடுத்தால் கேள்வியே தேவைப்படாது.

படி 4: தோல்வி எந்த உருவத்தில் வரும்

படம் ஏற்றுவது தோற்கக்கூடிய வேலை. கோப்பு இல்லாமல் போகலாம், கெட்டிருக்கலாம், ஆதரவில்லாத வடிவமாக இருக்கலாம். தோல்வியை ஒவ்வொரு லைப்ரரியும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. ஊகிக்கப்பட்ட டைப் அதை மூடிவிடுகிறது.

ஓபன்சிவியின் "இம்ரீட்" சி பிளஸ் பிளஸில் தோற்றால் காலியான மேட் ஒன்றைத் தரும், எக்செப்ஷன் (நிரலை இடைமறிக்கும் பிழை அறிவிப்பு) எறியாது. அதே ஃபங்ஷன் பைத்தானில் "நன்" (எதுவுமில்லை என்ற மதிப்பு) தரும். பிழை அந்த வரியில் தெரியாமல் நான்கு ஃபங்ஷன் தள்ளி வெடிக்கும். ஜாவாவின் "இமேஜ்ஐஓ.ரீட்", கோப்பைப் படிக்க முடியாவிட்டால் எக்செப்ஷன் எறியும், ஆனால் வடிவத்தைப் புரிந்துகொள்ளும் ரீடர் எதுவும் இல்லையென்றால் அமைதியாக "நல்" (ஜாவாவின் வெற்று மதிப்பு) தரும். ஒரே ஃபங்ஷனில் இரண்டு விதத் தோல்வி. எக்செப்ஷனைப் பிடிக்கும் "ட்ரை" தொகுதி மட்டும் இருந்து நல் சோதனை இல்லாவிட்டால் கேளுங்கள்.

ஜாவாவிலேயே இன்னொரு ஜோடி ("ஆட்டோ"வுக்கு ஜாவாவின் சொல் "வார்"):

    வார் படம் = இமேஜ்ஐஓ.ரீட்(கோப்பு);
    வார் படம் = டூல்கிட்.கெட்டிஃபால்ட்டூல்கிட்().கெட்இமேஜ்(பாதை);

இடது பக்கம் ஒன்றே. முதல் வரி முழுதாகப் படித்த "பஃபர்டுஇமேஜ்" தருகிறது. இரண்டாவது வரி "இமேஜ்" தருகிறது, அது பின்னணியில் ஏறிக்கொண்டிருக்கலாம். ஏறி முடியும் முன் அகலம் கேட்டால் ‑1 வரும். அந்த ‑1 நேராக ஒரு பெருக்கலுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி இரண்டு டைப்களும் ஒரே நிரல்தொகுப்பில் புழங்கினால் "வார்" வேண்டாம் என்று சொல்வேன்.

பைத்தானின் பில்லோ லைப்ரரியில் "இமேஜ்.ஓபன்" கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படிக்கிறது. பிக்சல்கள் முதன்முறை தேவைப்படும்போதுதான் படிக்கப்படும். ஆகவே "ஓபன்" வரியை மட்டும் "ட்ரை"க்குள் வைத்திருந்தால், பாதியில் அறுந்த கோப்பு அந்த வலையில் சிக்காது. பிறகு வரும் ஏதோ ஒரு அளவு மாற்றும் வரியில் எக்செப்ஷன் கிளம்பும். "லோட்" அழைப்பையும் அதே "ட்ரை"க்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கோ மொழியில் ":=" குறியைத் தேடுங்கள். வெளியே அறிவித்த "படம்" என்ற மாறி இருக்க, ஓர் "இஃப்" தொகுதிக்குள் "படம், பிழை := ஏற்று(பாதை)" என்று எழுதினால் உள்ளே புதிய மாறி பிறக்கிறது, வெளியே இருப்பது காலியாகவே இருக்கும். உள்ளே அந்த மாறியை ஒருமுறை பயன்படுத்தியிருந்தால் கம்பைலரும் குறை சொல்லாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்கு இணையானது விட்டுப்போன "அவெய்ட்" (வேலை முடியும்வரை காத்திரு என்ற சொல்). மாறியில் படத்துக்குப் பதில் ப்ராமிஸ் (பிறகு தருவேன் என்ற வாக்குறுதி) இருக்கும், "இஃப் (படம்)" என்ற சோதனை எப்போதும் தேறிவிடும்.

படி 5: எண்களின் டைப்பைத் தனியாகப் பாருங்கள்

பெரிய பொருள்களின் டைப்பை ஊகத்துக்கு விடலாம், எண்களின் டைப்பை விடும்போது நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. படங்களில் எண்கள் வேகமாகப் பெரிதாகின்றன.

    ஆட்டோ அளவு = அகலம் * உயரம் * 4;

அகலமும் உயரமும் 32 பிட் "இன்ட்" என்றால் விடையும் "இன்ட்". அதன் உச்சம் 2,147,483,647. 30,000 அகலமும் 20,000 உயரமும் கொண்ட படத்துக்கு இந்தப் பெருக்கல் 2,400,000,000 ஆகும், எல்லை தாண்டிவிட்டது. இரண்டும் 16 பிட் குறியற்ற (எதிர்மறை மதிப்பே இல்லாத) எண்களாக இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றலாம். சி பிளஸ் பிளஸில் பெருக்கும் முன் அவை "இன்ட்" ஆக உயர்த்தப்படுகின்றன, எனவே 50,000 பெருக்கல் 50,000 கூட எல்லை தாண்டும். ஜேபெக் வடிவம் ஒரு பக்கத்துக்கு 65,535 வரை அனுமதிக்கிறது, பிஎன்ஜி 2,147,483,647 வரை. இந்த அகலமும் உயரமும் கோப்பிலிருந்து வருகின்றன, கோப்பை அனுப்பியவர் தீய எண்ணம் கொண்டவராகவும் இருக்கலாம். சிறிய இடத்தை ஒதுக்கிவிட்டு அதில் பெரிய படத்தை விரிப்பது பழைய பாதுகாப்பு ஓட்டைகளில் ஒன்று. இடது பக்கத்தில் 64 பிட் டைப்பை எழுதினால் மட்டும் போதாது, பெருக்கல் அதற்கு முன்பே 32 பிட்டில் நடந்து முடிந்திருக்கும். முதல் எண்ணையே 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுப் பெருக்க வேண்டும்.

பில்லோ லைப்ரரி இதற்காகவே 89,478,485 பிக்சல்களுக்கு மேல் போனால் எச்சரிக்கிறது, அதன் இரு மடங்கைத் தாண்டினால் மறுக்கிறது. ரிவ்யூவில் அந்த எல்லையைத் தூக்கிவிடும் வரி வந்தால் காரணம் கேட்காமல் விடாதீர்கள்.

சராசரி ஒளிர்வு கணக்கிடும் வரியும் அடிக்கடி ஏமாற்றும். பட்டியலைக் கூட்டும் சி பிளஸ் பிளஸின் "அக்யுமுலேட்" ஃபங்ஷனுக்குத் தொடக்க மதிப்பாக 0 கொடுத்தால், அந்த 0 "இன்ட்" என்பதால் கூட்டுத்தொகையும் "இன்ட்" ஆகிவிடும். 1.2 கோடி வெள்ளைப் பிக்சல்களில் ஒரு சேனலை மட்டும் கூட்டினாலே 3,060,000,000 வருகிறது. ஒற்றை எழுத்தில் ஒளிந்திருக்கும் டைப் இது. கூட்டுத்தொகையின் டைப்பை அங்கே வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த கண்ணி, குறியற்ற எண்களில் தலைகீழ் லூப். பிஎம்பி கோப்பில் வரிசைகள் வழக்கமாகக் கீழிருந்து மேலாகச் சேமிக்கப்படுகின்றன, எனவே அந்த நிரலில் இது தவறாமல் தென்படும்:

    ஃபார் (ஆட்டோ வரிசை = உயரம் - 1; வரிசை >= 0; --வரிசை)

உயரம் 32 பிட் குறியற்ற எண் என்றால் வரிசையும் குறியற்றது. அது ஒருபோதும் 0க்குக் கீழே போகாது, லூப் முடியாது. "உயரம்" எங்கே அறிவிக்கப்பட்டது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

பைட்களிலும் கவனம் வேண்டும். ஜாவாவில் பைட் குறியுள்ளது, 200 என்ற பிக்சல் ‑56 ஆகத் தெரியும். "வார் ப = பைட்கள்[இ]" என்று எழுதினால் இதை நினைவூட்ட எதுவும் இல்லை. பைத்தானின் நம்பை லைப்ரரி தரும் வரிசையில் 8 பிட் குறியற்ற எண்கள் 255ஐத் தாண்டினால் மீண்டும் 0இலிருந்து சுற்றிக்கொள்ளும், 200உடன் 100ஐக் கூட்டினால் 44. ஓபன்சிவியின் "ஆட்" ஃபங்ஷனோ அதே கூட்டலுக்கு 255இல் நிறுத்திவிடும். கோ மொழியில் ஒரு பிக்சலின் "ஆர்ஜிபிஏ" அழைப்பு 32 பிட் எண்களைத் தருகிறது, மதிப்போ 0 முதல் 65,535 வரை, அதுவும் ஒளிபுகாமையைக் குறிக்கும் ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கப்பட்டது. 128ஐ நடுப்புள்ளி என்று எண்ணி ஒப்பிடும் நிரலில் ஏறக்குறைய எல்லாப் பிக்சல்களும் வெளிச்சமானவை ஆகிவிடும். இங்கே டைப்பை எழுதினாலும் உதவாது, 32 பிட் என்பது வீச்சு என்ன என்று சொல்வதில்லை. அது நம்மை அடுத்த படிக்குக் கொண்டுபோகிறது.

படி 6: டைப் எழுதினாலும் தெரியாதவை

மாறிக்கு "மேட்" என்றோ "என்டிஅரே" (நம்பை வரிசையின் டைப்) என்றோ டைப்பைத் தெளிவாக எழுதிவிட்டார் என்று வையுங்கள். சேனல் வரிசை இன்னும் தெரியாது. ஓபன்சிவி இயல்பாக நீலம், பச்சை, சிவப்பு என்று தருகிறது, பில்லோ சிவப்பு, பச்சை, நீலம் என்று. இரண்டையும் பைத்தானில் நம்பை வரிசையாக மாற்றிவிட்டால் டைப் ஒன்றேதான். முகங்கள் நீலமாகத் தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். படம் ஒரு வகைப்படுத்தும் மாடலுக்குள் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள், துல்லியம் மட்டும் கொஞ்சம் குறையும், காரணம் தெரியாமலே நாள்கள் போகும்.

அகலமும் உயரமும் இடம் மாறுவது இன்னொன்று. நம்பை வரிசையின் "ஷேப்" உயரத்தை முதலில் சொல்லும். பில்லோவின் "சைஸ்" அகலத்தை முதலில் சொல்லும். ஓபன்சிவியின் "ரீசைஸ்" அகலத்தை முதலில் கேட்கும். சதுரப் படத்தில் சோதித்தால் எல்லாமே சரியாக இருக்கும்.

எஸ்டிபி இமேஜில் ஒரு குறிப்பான கண்ணி உண்டு. நான்கு சேனல் வேண்டும் என்று கேட்டு ஏற்றினாலும், சேனல் எண்ணிக்கைக்கான மாறியில் கோப்பில் முதலில் இருந்த எண்ணிக்கைதான் எழுதப்படும். மூன்று சேனல் ஜேபெக்கைக் கேட்டு வாங்கிய நான்கு சேனல் பிக்சல்களில், அந்த 3ஐ வைத்து நடந்தால் படம் சிதறும். மாறிக்கு "சேனல்கள்" என்று பெயர் வைத்திருப்பதே இந்தப் பிழையை அழைக்கிறது. "கோப்பில்_சேனல்கள்" என்று மாற்றினால் தவறான இடத்தில் அதை எழுதும்போதே கை தயங்கும்.

வரிசை நீளமும் அகலமும் ஒன்றல்ல. பிஎம்பியில் ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்குக்கு நிரப்பப்படும். 101 பிக்சல் அகலம், பிக்சலுக்கு 3 பைட் என்றால் 303, சேமிப்பதோ 304. "அகலம் * 3" என்று நேராகக் கணக்கிடும் வரியைக் கண்டால் வரிசை நீளம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கேமராவிலிருந்து வரும் கோப்பில் படத்தை எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் எக்ஸிஃப் திசைக் குறிப்பு 1 முதல் 8 வரை இருக்கலாம். ஓபன்சிவி இயல்பாகவே அதன்படி படத்தைத் திருப்பித் தருகிறது, பில்லோவில் நாமே அழைத்தால்தான் திரும்பும்.

படி 7: காணாமல் போன தகவலுக்கு இடம் தேடுங்கள்

இப்போதுதான் தீர்வைச் சொல்ல வேண்டும். தகவல் காணவில்லை என்றால் அதை வைக்கச் சில இடங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே விலை அல்ல.

மலிவானது பெயர். "படம்" என்பதை "நீபசி_படம்" (நீலம், பச்சை, சிவப்பு) என்று எழுதுவது அழகாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் பைத்தானில் சேனல் வரிசையைச் சொல்ல அதைவிட எளிய வழி இல்லை. ஃபங்ஷன் பெயரையும் பாருங்கள். "படத்தை_ஏற்று" என்பதை "ஆர்ஜிபி8_ஆக_ஏற்று" என்று மாற்றினால், அதை அழைக்கும் ஒவ்வொரு வரியும் டைப் இல்லாமலே படிக்கத்தக்கதாகிவிடும். ஒரு மாறுதல், பல வரிகளுக்குப் பயன். ரிவ்யூவில் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

பெயர் காலப்போக்கில் பொய்யாகிவிடலாம், டைப் பொய் சொல்லாது. ஆகவே நிரல்தொகுப்பில் படங்கள் பல அடுக்குகளைக் கடந்து போகின்றன என்றால், சேனல் வரிசையையும் பிட் ஆழத்தையும் டைப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். ரஸ்டின் இமேஜ் லைப்ரரி அப்படித்தான் செய்கிறது. சி பிளஸ் பிளஸில் டெம்ப்ளேட் மூலமும், டைப்ஸ்கிரிப்ட்டில் குறியிடப்பட்ட டைப் மூலமும் செய்யலாம். நீலம் முதலில் வரும் படத்தைச் சிவப்பு முதலில் கேட்கும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் கம்பைலரே தடுத்துவிடும். அதன்பின் "ஆட்டோ" எங்கே வந்தாலும் கவலையில்லை, ஊகிக்கப்படும் டைப்பே தேவையான எல்லாவற்றையும் சுமக்கிறது. பத்து வரிக் கருவிக்கு இவ்வளவு வேண்டாம்.

இடது பக்கத்தில் டைப்பை எழுதச் சொல்வது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மேட்எக்ஸ்ப்ர், எண்கள், பாயிண்டர்கள், பகிர்வா பிரதியா என்ற குழப்பம் ஆகிய இடங்களில் அதுவே சரியான மருந்து. மற்ற இடங்களில் அது வரியை நீட்டுவதோடு நின்றுவிடுகிறது.

படி 8: கருத்தை எழுதும் விதம்

"இங்கே ஆட்டோ வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் எழுதியவர் டைப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், கேள்வி அப்படியே இருக்கும். என்ன தெரியவில்லை, தவறாகப் புரிந்தால் என்ன நடக்கும், எப்படிச் சரிசெய்யலாம் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். உதாரணமாக:

"இந்த வரியைப் படிக்கும்போது விடை மேட் என்று நினைத்தேன். உண்மையில் மேட்எக்ஸ்ப்ர் வருகிறது, கீழே 40ஆம் வரியில் மூலப் படத்தை மாற்றுவதால் விடையும் மாறிவிடும். இடது பக்கம் மேட் என்று எழுதிவிட முடியுமா?"

"இம்ரீட் தோற்றால் இங்கே நன் வரும். அழைப்பவர் அதைச் சோதிப்பதாகத் தெரியவில்லை. இந்த ஃபங்ஷனுக்குள்ளேயே எக்செப்ஷன் எறிந்துவிடலாமா?"

விருப்பத்தைப் பற்றிய கருத்து என்றால் அது விருப்பம் என்றே குறித்துவிடுங்கள், அதற்காக மாறுதலைத் தடுத்து நிறுத்த வேண்டாம்.

படி 9: கருவிகளிடம் கொடுக்கக்கூடியதைக் கொடுங்கள்

திரும்பத் திரும்ப எழுதும் கருத்து ஒரு விதியாக வேண்டும். சி பிளஸ் பிளஸ் நிரலைச் சோதிக்கும் கிளாங் டைடியில் பாயிண்டருக்கு "ஆட்டோ*" எழுதச் சொல்லும் சோதனையும், தேவையற்ற பிரதியைக் காட்டும் சோதனையும் உள்ளன. சி ஷார்ப்பில் எடிட்டர்கான்ஃபிக் கோப்பிலேயே "வார்" எங்கே வரலாம் என்பதை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்: அடிப்படை டைப்களுக்கு, டைப் வெளிப்படையாகத் தெரியும் இடத்துக்கு, மற்ற இடங்களுக்கு. நடுவில் இருப்பதை மட்டும் அனுமதிப்பது படம் ஏற்றும் நிரலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பைத்தானில் மைபை கருவியின் "ரிவீல்_டைப்" ஊகித்த டைப்பைக் காட்டும். நம்பை வரிசைக்கு 8 பிட் என்று டைப் குறிப்பு எழுதலாம், சேனல் வரிசையை அதில் எழுத முடியாது.

கருவிகள் பார்க்காததைச் சோதனைக் கோப்புகள் பார்க்கும். டிஃப்பில் சோதனையே இல்லையென்றால் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பாதியில் வெட்டிய ஒரு ஜேபெக், 16 பிட் பிஎன்ஜி, ஒற்றைச் சேனல் சாம்பல் படம், வண்ணப் பட்டியல் கொண்ட பிஎன்ஜி, நான்கு மை வண்ணங்களில் சேமித்த ஜேபெக், எக்ஸிஃப் திசை 6 கொண்ட ஒன்று, 101 அகலமும் 60 உயரமும் கொண்ட பிஎம்பி. கடைசிக் கோப்பின் வலது மேல் மூலையில் ஒரே ஒரு சுத்தமான சிவப்புப் பிக்சல் இருக்கட்டும். ஏற்றிய பிறகு அந்தப் பிக்சல் அதே மூலையில், அதே நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை, சேனல் வரிசை, அகல உயரக் குழப்பம், வரிசை நீளம், கீழிருந்து மேல் அடுக்கு ஆகியவற்றில் எது தவறினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.